கொச்சி, மூணாறு: தனியாகப் போகும் பெண்ணுக்கு எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் எனக்கு ஐந்து நாள் விடுப்பு கிடைக்கிறது. உடன் வருவதாக இருந்த அலுவலகத் தோழியர் இருவரும் குடும்பக் காரணங்களால் விலகிக்கொண்டார்கள். அதற்காகப் பயணத்தைக் கைவிட மனம் வரவில்லை; தனியாகவே போய் வருவது என்று முடிவு செய்திருக்கிறேன். பழைய நகரம் ஒன்றில் நிதானமாக நடந்து பார்க்க வேண்டும், அதன் பிறகு மலையும் தேயிலைத் தோட்டமும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதே ஆசை. அதனால் முதலில் ஃபோர்ட் கொச்சி, பிறகு மூணாறு என்று நினைத்திருக்கிறேன்.

பணி நிமித்தமாகத் தனியாக ரயிலில் சென்ற அனுபவம் எனக்கு உண்டு. ஆனால் அப்போதெல்லாம் தங்குமிடமும் வண்டியும் அலுவலகமே ஏற்பாடு செய்துவிடும். இந்த முறை எல்லாவற்றையும் நானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மலையாளம் ஓரளவு புரியும், பேச வராது. வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் ரயிலும் பேருந்தும்தான் எனக்கு வழி.

நான் கேட்க விரும்புபவை இவை. கொச்சியில் ஃபோர்ட் கொச்சிப் பக்கம் தங்குவது நல்லதா, எர்ணாகுளத்தில் தங்கிப் பகலில் போய் வருவது நல்லதா? மூணாறில் தோட்டத்துக்கு நடுவே தனி வீடுகள் அழகாக இருப்பதாகப் படங்களில் தெரிகிறது. தனியாக வரும் பெண்ணுக்கு அவை பொருந்துமா? அங்கே ஊர் சுற்றிப் பார்க்க டாக்சி, ஆட்டோ, பேருந்து ஆகியவற்றில் எதை நம்பலாம்? "போகாதே" என்று சொல்ல வீட்டில் ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறார்கள். போவதாக இருந்தால் எப்படிப் போக வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: காயலோரம்

வணக்கம் தோழி. நான் திருநெல்வேலிக்காரி, பணியின் பொருட்டுப் பல ஆண்டுகளாக எர்ணாகுளத்தில் வசிக்கிறேன். ஊரிலிருந்து தங்கைகளும் தோழிகளும் தனியாக வரும்போது அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். பயணத்தில் எத்தனை இடங்களைப் பார்ப்பது என்பதை முதலில் எழுதாதீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள், இருட்டும்போது எங்கே இருப்பீர்கள் என்ற இரண்டையும் முதலில் எழுதுங்கள். அவற்றுக்குத் தெளிவான விடை இருந்தால் மற்ற ஏற்பாடுகள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து மாலையில் புறப்படும் திருவனந்தபுரம் மெயிலும், இரவில் புறப்படும் ஆலப்புழா எக்ஸ்பிரஸும் மறுநாள் காலையில் எர்ணாகுளம் வந்துவிடும். இவற்றில் எதில் வந்தாலும் பகல் வெளிச்சத்தில் இறங்குவீர்கள். ஆனால் மெயில் நிற்பது எர்ணாகுளம் டவுன் நிலையத்தில், ஆலப்புழா வண்டி நிற்பது எர்ணாகுளம் ஜங்ஷனில். உள்ளூரில் இவற்றை நார்த், சவுத் என்றுதான் சொல்வோம். இரண்டுக்கும் அருகில் மெட்ரோ உண்டு. நார்த் என்றால் டவுன் ஹால் மெட்ரோ நிலையம், சவுத் என்றால் அதே பெயரிலேயே உள்ள மெட்ரோ நிலையம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு படுக்கைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வயது வரம்பு கிடையாது, தனியாகப் பயணம் செய்பவருக்கும் பொருந்தும். முன்பதிவுப் பக்கத்தில் "லேடீஸ்" என்ற கோட்டாவைத் தேர்ந்தெடுத்தால் போதும். பொதுக் கோட்டாவில் காத்திருப்புப் பட்டியல் காட்டும் நாளிலும் சில வேளை இதில் இடம் இருக்கும். வண்டியில் யாரேனும் தொந்தரவு கொடுத்தால் 139 என்ற எண்ணை அழையுங்கள். புகார் ரயில்வே பாதுகாப்புப் படைக்குப் போய், அடுத்து வரும் பெரிய நிலையத்தில் ஆள் வந்து பார்ப்பார்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, முதல்முறை வருபவருக்கு ஃபோர்ட் கொச்சியையே நான் பரிந்துரைப்பேன். அங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடை தூரத்தில் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன்பு நடந்து, மதியம் அறைக்குத் திரும்பி இளைப்பாறி, மாலையில் மறுபடியும் வெளியே வரலாம். எர்ணாகுளத்தில் தங்கினால் இந்த வசதி கிடைக்காது. பகல் முழுவதும் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடும் ஹோம்ஸ்டேக்கள் அங்கே ஏராளம். கேரளச் சுற்றுலாத் துறை அவற்றை டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பு தொலைபேசியில் பேசிவிடுவது மிக அவசியம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறாரா, இரவில் வாசற்கதவை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், அறைக் கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள் இருக்கிறதா, சன்னல் பொது வராந்தாவைப் பார்த்து இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்பத்தோடு இருக்கும் வீட்டுக்காரர் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்வார். வீட்டம்மாவிடமே தொலைபேசியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், வாருங்கள்" என்று மழுப்பினால் அடுத்த இடத்தைப் பாருங்கள். அறைக்குள் போனதும் தாழ்ப்பாளைப் போட்டுக் கதவை உள்ளிருந்து இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மர வீடுகளில் தாழ்ப்பாள் கொண்டி தேய்ந்து, தள்ளினால் விலகும் நிலையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது. அடையாளச் சான்றாக ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

எர்ணாகுளத்திலேயே ஓர் இரவு தங்க நேர்ந்தால், நார்த் ரயில் நிலையத்துக்கு அருகில் கொச்சி மாநகராட்சியின் ஷீ லாட்ஜ் இருக்கிறது. அது பெண்களுக்கு மட்டுமானது, வாடகையும் மிகக் குறைவு. குடும்பஸ்ரீ என்ற கேரள அரசு மகளிர் சுயஉதவி அமைப்பின் பெண்கள் நடத்தும் சம்ருத்தி உணவகமும் அங்கேயே இருப்பதால் இரவு உணவுக்காக வெளியே அலைய வேண்டியதில்லை. அறைகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோவில் போவது சாலையில் போவதைவிட எவ்வளவோ மேல். 2023 ஏப்ரலில் தொடங்கிய படகுச் சேவை இது. ஹைகோர்ட் டெர்மினலிலிருந்து காயலைக் கடந்து நேராக ஃபோர்ட் கொச்சியில் கொண்டுபோய் விடும். டெர்மினலில் பாதுகாவலர்கள் இருப்பார்கள், படகில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகளும் எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து ஓடுகின்றன. எதில் போனாலும் இறங்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சீன மீன்பிடி வலைகளின் பக்கம் தொடங்கி, செயிண்ட் பிரான்சிஸ் தேவாலயம் வரை நடக்கலாம். 1524-இல் இறந்த வாஸ்கோட காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் அதனுள்ளே இருக்கிறது. எலும்புகளைப் பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் போவதே வசதி. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயிலின் தரையில் நீலமும் வெண்மையுமாகப் பதித்திருக்கும் சீன ஓடுகளைக் குனிந்து நிதானமாகப் பாருங்கள். கையால் தீட்டப்பட்டவை என்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. சனிக்கிழமை அந்தக் கோயிலுக்கும் வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் விடுமுறை. ஆகையால் இவ்விரு நாள்களையும் தவிர்த்து மட்டாஞ்சேரிக்கு நாள் குறியுங்கள்.

ஆட்டோக்காரர்கள் சிலர் மிகக் குறைந்த கட்டணத்தில் ஊர் முழுவதும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்வார்கள். கைவினைப் பொருள் கடைகளுக்கு ஆள் கூட்டிப்போனால் அவர்களுக்குக் கமிஷன் கிடைக்கிறது. ஆபத்து ஒன்றும் இல்லை. உங்கள் அரை நாள் கடை கடையாக ஏறி இறங்குவதில் போய்விடும். ஏறும் முன்பே "கடை வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அல்லது செயலி வழியாக வண்டி பிடியுங்கள். கொச்சியில் ஊபரும் ஓலாவும் தடையின்றி ஓடுகின்றன. சூரியன் மறைவதைப் பார்க்கக் கடற்கரை நடைபாதைக்குக் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பிவிட வேண்டும். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் சில பகுதிகள் வெறிச்சோடிவிடும். பிரின்சஸ் தெரு, பர்கர் தெரு பக்கம் உணவகங்கள் திறந்திருக்கும் வரை ஆள் நடமாட்டம் இருக்கும்.

கேரளத்தில் 1515 என்பது பிங்க் போலீஸ் ரோந்து வண்டியின் எண். பெண் காவலர்கள் வருவார்கள். நாடு முழுவதற்கும் 112 இருக்கிறது, பெண்களுக்கான உதவி எண் 181. மூன்றையும் செல்பேசியில் சேமித்ததோடு நிற்காமல் ஒரு தாளிலும் எழுதிப் பணப்பைக்குள் வையுங்கள். செல்பேசி தொலைந்தாலும் மின்னேற்றம் தீர்ந்தாலும் கைகொடுக்கும்.

பதில் 2: கொழுந்துக்காடு

சகோதரிக்கு வணக்கம். நான் மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இப்போதும் இங்கேதான் ஆசிரியையாக இருக்கிறேன். மொழியைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். மூணாறுக் கடைத்தெருவிலும் எஸ்டேட்டுகளிலும் தமிழ் பேசாத இடமே கிடையாது. தலைமுறைகளுக்கு முன்பு திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்கள்தான் இங்கே பெரும்பான்மை. 2015 செப்டம்பரில் கூலிக்காகவும் போனசுக்காகவும் சாலையில் அமர்ந்து "பெண்கள் ஒற்றுமை" என்ற பெயரில் போராடியவர்களும் இந்தக் கொழுந்து பறிக்கும் பெண்கள்தான். வழியில் ஏதேனும் சங்கடம் என்றால் அருகில் இருக்கும் பெண்களிடம் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்களைத் தனியாக விட மாட்டார்கள்.

தங்குமிடத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். இணையத்தில் "மூணாறு" என்று விளம்பரம் செய்யும் விடுதிகளில் பல மூணாறில் இல்லை. சித்திரபுரம், ஆனச்சால், பள்ளிவாசல், பைசன்வேலி என்று பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கின்றன. அவற்றில் நல்ல விடுதிகள் இருக்கின்றன, ஆனால் அவை சொந்த வண்டியில் வரும் குடும்பங்களுக்கானவை. பேருந்தில் வரும் பெண் அங்கே தங்கினால், ஒவ்வொரு முறை வெளியே போவதற்கும் வருவதற்கும் விடுதிக்காரர் ஏற்பாடு செய்யும் வண்டியையே நம்பியிருக்க வேண்டும். மழை பெய்து மின்சாரம் போனாலோ, இரவில் உடம்புக்கு முடியாமல் போனாலோ கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்காது. படத்தில் அழகாகத் தெரியும் தனி வீட்டின் இரவு நிலை அதுதான். தனியாக வருபவர் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், இரவிலும் வரவேற்பறையில் ஆள் இருக்கும் விடுதியில் தங்குவதே சரி. சன்னலுக்கு வெளியே தேயிலைக்குப் பதிலாகக் கடைகளும் பேருந்துகளும் தெரியும், காலையில் சத்தமும் இருக்கும். பகலில் ஐந்து நிமிடம் நடந்தால் தேயிலை வந்துவிடுகிறதே! வரைபடத்தில் விடுதியின் இருப்பிடத்தையும் மூணாறு கடைத்தெருவையும் வைத்துத் தூரத்தை நீங்களே அளந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இருட்டுக்கு முன்பு அறைக்குத் திரும்ப வேண்டும் என்று இங்கே எல்லாரும் சொல்வதற்கு மனிதர்கள் மட்டும் காரணமில்லை. ஜனவரியில் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், பனி மூட்டமும் இறங்கும். மாட்டுப்பட்டி, தேவிகுளம் பக்கச் சாலைகளில் காட்டு யானைகள் நிற்பது எங்களுக்குப் பழகிய செய்தி. படையப்பா என்று ஊரார் பெயர் வைத்த கொம்பன் யானை கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே வந்து பெட்டிக்கடைகளை உடைத்துத் தின்றுவிட்டுப் போவதுண்டு. அதிகாலையிலும் அப்படித்தான். விடியும் முன்பு தனியாக நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடாதீர்கள். எட்டு மணிக்கு மேல், தலையில் துணியும் இடுப்பில் படங்குச் சாக்குமாகப் பெண்கள் கொழுந்துக்கு இறங்கிய பிறகு தோட்டத்துச் சாலையில் நடந்து பாருங்கள். யானையோ பன்றியோ அருகில் இருந்தால் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், சொல்லிவிடுவார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்குவதற்கு மட்டும் அனுமதி வேண்டும். அது கம்பெனி நிலம்.

சுற்றிப் பார்ப்பதற்குக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் இங்கேயே சுற்றுலாப் பேருந்து நடத்துகிறது. காலையில் பழைய மூணாறில் உள்ள பணிமனையிலிருந்து புறப்பட்டு மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று சுற்றிக்காட்டி மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். வண்டியில் குடும்பங்கள் இருக்கும், நடத்துநர் ஆள் கணக்குப் பார்த்துத்தான் ஒவ்வோர் இடத்திலிருந்தும் புறப்படுவார். தனியாக வரும் பெண்ணுக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கொச்சியில் போலச் செயலி வழி டாக்சி பிடிக்கலாம் என்று நினைத்து வராதீர்கள். உள்ளூர் டாக்சிக்காரர்கள் அதை எதிர்க்கிறார்கள். 2025 இறுதியில் மும்பையிலிருந்து வந்த ஒரு பெண் பயணியின் செயலி வண்டியை அவர்கள் தடுத்ததும், அவர் வெளியிட்ட காணொளியால் கைது வரை போனதும் பெரிய செய்தியாயிற்று. எங்கள் ஊருக்கு அது தலைகுனிவு. அதை மறைத்து உங்களை வரச் சொல்ல மாட்டேன். உரிமை உங்கள் பக்கம்தான். ஆனாலும் தனியாக வந்த இடத்தில் அந்தச் சண்டை உங்கள் தலையில் விடியக் கூடாது. பேருந்து போகாத இடத்துக்கு விடுதியின் மூலம் ஆட்டோவோ ஜீப்போ சொல்லி, ஓட்டுநரின் பெயரையும் வண்டி எண்ணையும் வரவேற்பறையில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு ஒரு காலைப் பொழுதைக் கட்டாயம் ஒதுக்குங்கள். இணையத்தில் நேரம் குறித்து நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டால், வனத்துறையின் வண்டியே இராஜமலைக்கு ஏற்றிச் செல்லும். மேலே தார்ச்சாலையில்தான் நடை. வழியெங்கும் வனத்துறை ஊழியர்கள் இருப்பார்கள். தனியாகப் போய் மனம்விட்டு நடப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வரையாடுகள் ஆள் நடமாட்டத்துக்குப் பழகிப் பாதையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். 2695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி எதிரே நிற்கும். குறிஞ்சிப் பூவைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல்தான். வரையாடுகள் குட்டி ஈனும் பருவம் என்பதால் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் முடியும் வரை பூங்காவை அடைத்துவிடுவது வழக்கம். ஆகவே நீங்கள் ஜனவரியைத் தேர்ந்தெடுத்தது நல்லதுதான். பொங்கல் விடுமுறையில் மட்டும் வராதீர்கள். பாதித் தமிழ்நாடு இங்கே இருக்கும், அறை வாடகை ஏறிவிடும், மாட்டுப்பட்டிச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். பொங்கல் கழிந்த வாரத்தில், திங்கள் முதல் வியாழனுக்குள் வருவதுபோல் பாருங்கள். நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை.

குளிரைக் குறைத்து எண்ண வேண்டாம். ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி படியும் நாள்கள் உண்டு. கம்பளிச் சட்டையும், கையடக்க டார்ச்சும், ஏறி இறங்கத் தோதான செருப்பும் போதும்.

பதில் 3: நடைவழி

மேலே இருவரும் முக்கியமானவற்றைச் சொல்லிவிட்டார்கள். நான் தனியாகப் பயணம் செய்பவள் என்ற முறையில் ஒரு கருத்தை மட்டும் சேர்க்கிறேன். பாதுகாப்பு என்ற பெயரில் செல்பேசியில் இருப்பிடப் பகிர்வை இருபது பேருக்குத் திறந்து வைப்பதும், போகும் இடத்தையெல்லாம் உடனுக்குடன் படம் போடுவதும் எதிர்ப் பலனையே தரும். வீட்டில் ஒருவருக்கும் தோழி ஒருவருக்கும் மட்டும் இருப்பிடத்தைப் பகிருங்கள். படங்களை அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். வழியில் யாராவது "தனியாகவா வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் உண்மையை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "விடுதியில் காத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு நகரலாம். இதைப் பொய் என்று நினைத்து மனம் உறுத்த வேண்டியதில்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். "அது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. கேரளத்தில் நடந்த ஒன்றுக்குச் சென்னையில் இறங்கிப் புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. எனவே அந்த இடத்தில் தனியாக நின்று வாதாடுவதைவிட, முதலில் அங்கிருந்து பத்திரமாக விலகிவிடலாம். விலகினால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது.

வேளச்சேரி வாசகி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தோட்டத்து நடுவில் பார்த்து வைத்திருந்த விடுதியை விட்டுவிட்டேன். வரைபடத்தில் அளந்து பார்த்தபோது கடைத்தெருவிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் காட்டியது. பொங்கலுக்கு அடுத்த வாரத்துக்கு விடுப்பை மாற்றித் தர மேலாளரும் சம்மதித்துவிட்டார்.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. கொச்சியிலிருந்து மூணாறுக்கு எந்தப் பேருந்து, வழியில் கழிப்பறை வசதி எப்படி? கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கும் ஆசை உண்டு, ஆனால் நள்ளிரவு கடந்து ஜீப்பில் கிளம்ப வேண்டும் என்கிறார்கள்; தனியாகப் போகலாமா? திரும்பும்போது மறுபடியும் எர்ணாகுளம் வராமல் வேறு வழி உண்டா? என் அம்மா மணிக்கு ஒருமுறை அழைப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களை எப்படி அமைதிப்படுத்துவது என்று தெரியவில்லை.

பதில் 4: காயலோரம்

பேருந்தைப் பற்றி நான் சொல்கிறேன். எர்ணாகுளம் கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரள அரசுப் போக்குவரத்துக் கழக) பேருந்து நிலையத்திலிருந்து மூணாறுக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு. சுமார் 130 கிலோமீட்டர் தூரம், நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் மலையேற்றம் தொடங்குகிறது. காலை ஒன்பது மணிக்குள் புறப்படும் பேருந்தைப் பிடியுங்கள். சாலையில் நெரிசல் ஏற்பட்டுத் தாமதமானாலும் பிற்பகலிலேயே இறங்கிவிடலாம். மெட்ரோவில் வட முனையான ஆலுவா வரை போய் அங்கிருந்து ஏறுபவர்களும் உண்டு. நகர நெரிசல் மிச்சம் என்றாலும் உட்கார இடம் கிடைப்பது உறுதியில்லை.

கழிப்பறையைக் கேட்டது நல்லதாயிற்று. பலரும் கேட்கத் தயங்கி, தண்ணீரே குடிக்காமல் வந்து தலைவலியோடு இறங்குகிறார்கள். எர்ணாகுளத்தில் ஏறும் முன்பு போய்விடுங்கள். வழியில் கோதமங்கலம், அடிமாலி நிலையங்களில் வண்டி நிற்கும். ஏறும்போதே நடத்துநரிடம் தேநீருக்கு எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டு, இறங்கும்போது "நான் வந்த பிறகு எடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், காத்திருப்பார்கள். வளைவுகளில் வயிறு புரட்டும் உடம்பு என்றால் பேருந்தின் நடுப்பகுதியில் உட்காருங்கள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம்.

பதில் 5: கொழுந்துக்காடு

கொழுக்குமலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அது தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப் பாதை இருப்பது கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்துதான். பாதை என்று சொன்னேனே தவிர, கல்லும் பள்ளமுமான தடம். உதயம் பார்க்க விடியலுக்கு வெகு முன்பே சூரியநெல்லியில் இருக்க வேண்டும்; அதற்கு மூணாறிலிருந்து நடு இரவில் தனி வண்டியில் யானைகள் உலவும் சாலையில் வர வேண்டும். முன்பின் தெரியாத ஓட்டுநரோடு நீங்கள் மட்டும் அந்த நேரத்தில் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். என் தங்கையாக இருந்தாலும் இதையே சொல்வேன். உங்கள் விடுதியில் தங்கியிருக்கும் வேறு குடும்பமோ பெண்கள் குழுவோ போவதாக இருந்தால், அவர்களோடு இடம் பகிர்ந்துகொண்டு போகலாம். ஜீப்புக்குத்தான் வாடகை, தலைக்கு அல்ல என்பதால் அவர்களும் மகிழ்ந்து சேர்த்துக்கொள்வார்கள். முதல் நாள் வந்து இறங்கியதுமே வரவேற்பறையில் சொல்லி வையுங்கள். ஆள் சேரவில்லை என்றால் பகலில் போகும் ஜீப்பில் போங்கள். உதயம் இருக்காதுதான், கீழே தமிழ்நாட்டுச் சமவெளி விரிந்து கிடப்பதும், பழைய தேயிலைத் தொழிற்சாலையும் வெளிச்சத்தில் இன்னும் நன்றாகவே தெரியும்.

திரும்புவதற்குப் போடி வழியே நல்லது. மூணாறிலிருந்து தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாகத் தேனிக்குப் பேருந்துகள் ஓடுகின்றன. மெட்டிலிருந்து கீழே இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளே ஒரு காட்சி. 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு ரயில் இருக்கிறது. அது ஓடும் நாளைப் பார்த்துவிட்டு மற்ற தேதிகளை முடிவு செய்தால், ஊர் திரும்பும் நாளில் அலைச்சல் இருக்காது. அந்த ரயில் கிடைக்காவிட்டால் தேனியிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்துகள் உண்டு. எப்படியிருந்தாலும் மூணாறிலிருந்து மதியத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். மழைக்காலத்தில் தேவிகுளத்துக்கு அப்பால் கேப் ரோட்டில் மண் சரிந்து சாலையை அடைப்பது உண்டு. ஜனவரியில் அந்தக் கவலை குறைவு என்றாலும் கிளம்பும் அன்று காலையில் பேருந்து நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மணிக்கு ஒருமுறை பேசுவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். டாப் ஸ்டேஷனிலும் இராஜமலையிலும் பல இடங்களில் செல்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் அங்கே பதறிப்போவார்கள். காலையில் கிளம்பும்போது எங்கே போகிறீர்கள், எந்த வண்டியில், எத்தனை மணிக்குள் அறைக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். இடையில் தொடர்பு கிடைக்காத இடங்கள் எவை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். திரும்பியதும் முதல் வேலையாக அழையுங்கள். விடுதியின் வரவேற்பறை எண்ணையும் அவர்களிடம் கொடுத்துவைத்து, மாலை ஏழரை வரை உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் மட்டும் அதற்குப் பேசச் சொல்லுங்கள். இங்கே பேசுபவர்கள் தமிழில்தான் பேசுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் தாய்மாருக்குப் பாதிக் கவலை அதிலேயே குறைந்துவிடுகிறது.